ரூபாய் வலுத்த வாரத்தில் ஒரு படக்குறிப்பு

கண்டியில் முப்பத்தொரு ஆண்டுகள் பிராந்திய நிருபராக இருந்தேன். என் பிழைக்காகப் பத்திரிகை இரண்டு தடவை 'வருந்துகிறோம்' என்று பெட்டி கட்டிப் போட்டது. ஒரு தடவை, பாடசாலை கிரிக்கெட் போட்டியொன்றில் தோற்ற அணியை வெல்ல வைத்திருந்தேன். மற்றத் தடவை, அம்பிட்டியவில் உயிரோடிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரைக் காலமாக்கியிருந்தேன். அவர் மறுநாள் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்தார். கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்தார். தன் வயதையும் பிழையாகப் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். திருத்தத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டோம்.

மூன்றாவது பிழை ஒன்று உண்டு. அதற்குத் திருத்தம் வரவில்லை. காரணம், அதில் பிழையான தகவல் எதுவும் இருக்கவில்லை. பெயர், ஊர், பதவி எல்லாம் சரி. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்தப் பிழையைத்தான். மற்ற இரண்டையும் நீங்கள் எப்படியும் செய்வீர்கள், திருத்திக்கொள்ளலாம்.

நாங்கள் எல்லோரும் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வருடத்துக்கு அடுத்த வருடம் அது. அதுவரை டொலருக்கு முன்னால் படுத்துக் கிடந்த ரூபாய், சில கிழமைகளுக்குள் திடீரென்று எழும்பியது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. என் மனைவியின் மருந்துச் செலவு குறைந்தது. பால்மா வாங்கும்போது விலைச் சீட்டை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். என் கதையில் எவரும் பொய்யாகச் சந்தோஷப்படவில்லை, ஒருவரைத் தவிர.

அந்த வாரம் கொழும்பிலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார். அவர் என்னிலும் பதினைந்து வயது இளையவர்.

"அண்ணன், கண்டியிலயிருந்து ஒரு சந்தோஷப் படம் வேணும். முதல் பக்கத்துக்கு."

யாருடைய சந்தோஷம் என்று கேட்டேன்.

"யாரெண்டாலும் பரவாயில்லை. முகம் தெரிய வேணும்."

முகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நகர வர்த்தகர் சங்கமொன்று அன்று காலையே பாற்சோறு பரிமாறி ரூபாயைக் கொண்டாட ஏற்பாடு செய்திருந்தது. தலைவர் சிவபாலன் குளியலறைச் சாமான்களும் வீட்டுப் பாவனைப் பொருட்களும் இறக்குமதி செய்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்பது வருடம் கண்டியில் இருந்தும், 'ஆம்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'ஓம்' அவரை விட்டுப் போகவில்லை. இறக்குமதித் தடை இருந்த காலம் முழுதும் கடையில் காலித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர். இப்போது தடையும் தளர்ந்து டொலரும் மலிந்திருந்தது. அவருடைய மகிழ்ச்சியில் எந்தக் கலப்படமும் இல்லை.

மண்டபத்தின் நடுவே ஒரு பெரிய தட்டில், தேங்காய்ப்பாலில் சமைத்துத் துண்டு போடும் அளவுக்கு இறுக்கிய பாற்சோறு. அதன் மேல் அன்றைய டொலர் விலையை உலர்ந்த முந்திரிகைப் பழங்களால் எழுதியிருந்தார்கள். பதினொரு மணிக்கு வங்கியில் விலை இன்னும் சற்று இறங்கியதாக ஒருவர் கைபேசியைப் பார்த்துச் சொன்னார். உடனே இருவர் குனிந்து கடைசி இலக்கத்தைக் கலைத்து, வேறு இலக்கமாக அடுக்கினார்கள். மிஞ்சிய முந்திரிகைகளை அவர்களில் ஒருவர் வாயில் போட்டுக்கொண்டார். பொருளாதாரம் அவ்வளவு விரைவாகப் பயன் தந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சிவபாலன் பேசினார். முன்பு எங்கள் ரூபாயைக் கண்டு வெளிநாட்டுக்காரன் சிரித்தான், இனி எழும்பி நிற்பான் என்றார். கைதட்டினோம். பிறகு நன்றியுரை.

எங்கள் ஊர்ச் சங்கங்களில் நன்றியுரை செயலாளருடையது. அரசியலமைப்பை மாற்றினாலும் மாற்றலாம், இதை மாற்ற முடியாது. தலைவர் எதைக் கொண்டாடுகிறாரோ அதற்குச் செயலாளர் நன்றி சொல்ல வேண்டும். அந்தச் சங்கத்தின் செயலாளர் நியாஸ் ஹாஜியார். கலகெதரவில் தும்புத் தொழிற்சாலை வைத்திருப்பவர். குருநாகல் பக்கமிருந்து தேங்காய் மட்டைத் தும்பு எடுத்து, கால்மிதிகள் நெய்து, பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவர் எழுந்து மண்டபத்துக்கு நன்றி சொன்னார், பாற்சோறு சமைத்தவர்களுக்கு நன்றி சொன்னார், கடைசியாக ரூபாய்க்கும் நன்றி சொன்னார்.

படத்துக்காக அவர் ஒரு துண்டு பாற்சோற்றை எடுத்துத் தலைவருக்கு ஊட்ட வேண்டும். கை சரியாக இருந்தது. முகம் சரியாக இல்லை. நான் கமெராவை இறக்கி, "ஹாஜியார், கொஞ்சம் சிரிங்க" என்றேன். அவர் பணிவான மனிதர். சிரித்தார்.

அலுவலகத்துக்கு வந்து படக்குறிப்பு எழுதினேன். 'ரூபாயின் மதிப்பு உயர்ந்ததை முன்னிட்டு, ஏற்றுமதியாளரான சங்கச் செயலாளர் தலைவருக்குப் பாற்சோறு ஊட்டி மகிழ்ந்தபோது.' ஏற்றுமதியாளர் என்ற சொல்லை என் கையாலேயே எழுதினேன். கை நிற்கவில்லை. மழைக்கு ஐஸ்கிரீம் வியாபாரி நன்றி சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டீர்களா? நான் கேட்கவில்லை. படம் முதல் பக்கத்தில் நிறத்தில் வந்தது. செய்தி ஆசிரியர் பாராட்டினார். அது என் மூன்றாவது பிழை.

இரண்டு கிழமை கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மல்லிகா. பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண். ஹாஜியாரின் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டுக்கு மேற்பார்வையாளர். அந்த ஷிப்டில் இருபது பெண்கள். அவளையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் பன்வில பக்கத்தவர்கள். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் கலகெதரவிலேயே ஒரு வீட்டில் ஆளுக்கொரு கட்டிலை வாடகைக்கு எடுத்துப் போடிங் இருந்தார்கள். மல்லிகா கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இத நீங்கதான் எழுதினீங்களா சேர்?"

ஆம் என்றேன்.

"ரூபா பெருசாயிருச்சுன்னு எங்க பொஸ் சந்தோஷப்படுறாருன்னு போட்டிருக்கீங்க. எங்க சம்பளம் ரூபாயிலதான். அப்ப நாங்க அவரவிட சந்தோஷப்படணுமே. ஏன் இந்த மாசத்தோட ரெண்டாவது ஷிப்ட நிப்பாட்டப் போறோம்னு சொல்றாரு?"

நான் பால்மாவின் விலையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"கொறஞ்சிருக்கு சேர், இல்லங்கல. வாங்குறதுக்கு வேலை இருக்கணுமே."

முப்பத்தொரு வருடத்தில் அமைச்சர்கள், ஆளுநர்கள், பொருளியல் பேராசிரியர்கள் எல்லோரிடமும் கேள்வி கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டதில்லை. அடுத்த நாள் கலகெதரவுக்குப் போனேன்.

ஹாஜியார் அலுவலக அறையில் மூன்று கால்மிதிகளை மேசையில் வைத்துக் கணக்கை விளக்கினார். நான் உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் கால்மிதிக்கு விலை தருவது டொலரில். வருடத்துக்கு ஒரு தடவைதான் அதைப் பேச முடியும். ரூபாய் வீழ்ந்து கிடந்தபோது ஒவ்வொரு டொலரும் நிறைய ரூபாயாக வந்தது. அதை நம்பிச் சம்பளத்தைக் கூட்டினார், இரண்டாவது ஷிப்டைத் தொடங்கினார். இப்போது அதே டொலர் குறைந்த ரூபாயாக வருகிறது. ஆனால் கூட்டிய சம்பளம் குறையவில்லை, மின்கட்டணம் குறையவில்லை, தும்பு கொடுப்பவர் ரூபாய் வலுத்துவிட்டது என்று விலையைக் குறைக்கவில்லை. எனவே மூன்று கால்மிதி அனுப்பினால் இரண்டுக்குத்தான் செலவு தேறும். மூன்றாவதை நாட்டின் கௌரவத்துக்காக நெய்துகொண்டிருந்தார்.

உள்ளூரில் விற்கலாமே என்றேன். விற்றவர்தான். இறக்குமதித் தடை இருந்தபோது உள்ளூர்க் கடைகள் அவருடைய வாசலில் லொறியோடு நின்றன. மிகப் பெரிய ஓடர் சிவபாலனுடையது. இப்போது பிளாஸ்டிக் கால்மிதிகள் கப்பலில் மலிவாக வந்து இறங்குகின்றன. அவற்றை இறக்குகிறவரும் சிவபாலன்தான்.

"சிவபாலன் அண்ணன் நல்ல மனுஷன்" என்றார் ஹாஜியார். "ஓடர கேன்சல் பண்ண அவரே கோல் எடுத்தார். அண்டைக்கிப் பாற்சோறு நல்லா ஈந்திச்சி எண்டும் சென்னார்."

இவ்வளவும் தெரிந்து ஏன் ரூபாய்க்கு நன்றி சொன்னார் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"நான் செயலாளர்தானே. தலைவர் சந்தோஷப்பட்டா நான் நன்றி செல்லணும். வேற என்ன செய்ற?"

ஆனால் சங்கடம் அதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளரோடு புதிய விலை பேசும் காலம் வரை மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் போதும் என்று வங்கிக்குப் போயிருக்கிறார். கடன் தவணையைத் தள்ளிப்போடக் கேட்டிருக்கிறார். முகாமையாளர் மரியாதையாக உட்காரவைத்து, கோப்பைத் திறந்து, என் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். தலைமை அலுவலகம் கஷ்டத்துக்கு எழுத்து மூலமான ஆதாரம் கேட்கிறது, எங்களிடம் இருப்பதோ மகிழ்ச்சிக்கான ஆதாரம் என்றாராம். அதுவும் முதல் பக்கத்தில், நிறத்தில். பத்திரிகை ஒரு திருத்தம் வெளியிட்டால் பரிசீலிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் அங்கிருந்தே செய்தி ஆசிரியரை அழைத்தேன். அந்தப் படத்துக்குத் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"பேர் பிழையோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

"அவர் மகிழவில்லை."

"அண்ணன், படத்தில அவர் சிரிக்கிறாரோ இல்லையோ?"

"நான்தான் சிரிக்கச் சொன்னேன்."

"எல்லாரையும் நாங்கள்தானே சிரிக்கச் சொல்றம். அதுக்கெல்லாம் வருந்தத் தொடங்கினா பேப்பரில வேற ஒண்டும் போட இடமிருக்காது."

நியாயமான பேச்சு. திருத்தம் கிடையாது; வேண்டுமானால் புதிதாக ஒரு செய்தி எழுதலாம் என்றார். ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் மறுத்தார். தொழிற்சாலை தள்ளாடுகிறது என்று பத்திரிகையில் வந்தால் தும்பு கொடுப்பவர் அடுத்த லொறிக்கு ரொக்கம் கேட்பார், அதோடு எல்லாம் முடிந்தது என்றார். இரகசியம் காக்கப்பட வேண்டும்.

கதவருகில் நின்ற மல்லிகா பேசினாள்.

"தும்பு லொறிக்காரன் ஒவ்வொரு தடவையும் கேட்ல நின்னு, போன மாசம் எறக்கின கட்டு அப்படியே கெடக்குதான்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் போறான் பொஸ். அவனுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். பேங்க் மனேஜருக்கும் தெரியும். தெரியாதது பேப்பர் படிக்கிறவங்களுக்கு மட்டுந்தான்."

ஹாஜியார் கால்மிதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, எழுதுங்கள் என்றார். சிவபாலன் அண்ணனின் பெயர் மட்டும் வேண்டாம், அடுத்த மாதமும் கூட்டம் இருக்கிறது என்றார்.

எழுதினேன். மல்லிகாவின் கேள்வியை முதல் வரியாக வைத்தேன். உள்பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் வந்தது. கொழும்புச் செய்தி மேசை போட்ட தலைப்பு: 'வலுவான ரூபாய்: ஏற்றுமதியாளருக்குத் தற்காலிகச் சவால்'. தற்காலிகம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சிவபாலனும் அழைத்துப் பாராட்டினார்.

"நல்லா எழுதியிருக்கிறியள். ஏற்றுமதிக்காரர் பாவம்தான். ஆனால் ரூபாய் இறங்க வேணும் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. என்ர ரெண்டு கொண்டெய்னர் கடலில நிக்குது."

இதுவும் நியாயமான பேச்சுத்தான். இந்தத் துறையில் உங்களுக்கு எதிரிகள் அதிகம் கிடைக்க மாட்டார்கள். எல்லோரும் நியாயமானவர்கள், ஒவ்வொருவருடைய நியாயமும் டொலரின் வேறு வேறு விலையில் நிற்கும். ரூபாய் வலுத்தது என்று ஒருவர் சொன்னால், அவர் வாங்குகிறவரா விற்கிறவரா என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமல் எழுதுகிற 'மக்கள் மகிழ்ச்சி' சிவபாலனின் விளம்பரம். அதற்கு அவர் காசு கட்டவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முகாமையாளர் என் இரண்டாவது செய்தியையும் கோப்பில் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். கடன் பெற்றவரின் நிலைப்பாடு முன்னுக்குப் பின் முரணாக உள்ளது என்று பதில் வந்தது. முரணில் ஒரு பாதி உண்மையாக இருக்கும் என்று அங்கே யாரோ தீர்மானித்திருக்க வேண்டும். கேட்ட சலுகையில் பாதி கிடைத்தது. ஒரு ஷிப்டை ஓட்ட அது போதும்.

இரண்டு ஷிப்டிலும் சேர்த்து நாற்பது பெண்கள். வேலை இருபது பேருக்கு. வீட்டுக்குப் போகிறவர்களின் பட்டியலை எழுதித் தரும்படி ஹாஜியார் மல்லிகாவிடம் கேட்டார். இந்த வேலையை முதலாளிகள் தாங்கள் செய்வதில்லை. அவள் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள்.

மூன்றாம் நாள் நானும் அங்கிருந்தேன். அவள் கொடுத்த தாளில் நாற்பது பெயரும் இருந்தன. இரண்டு நிரல்கள். ஒரு வாரம் இந்த நிரல், அடுத்த வாரம் அந்த நிரல். முதல் ஷிப்டில் இருந்தவர்கள் கலகெதரப் பெண்கள், வேலை போகாதவர்கள். தங்கள் சம்பளத்தில் பாதியைத் தோட்டத்துப் பெண்களுக்கு ஏன் விட வேண்டும் என்று அவர்களில் பலர் அவளோடு சண்டை பிடித்திருக்கிறார்கள். எங்களுக்கு அடுத்தது நீங்கள்தான், அப்போது உங்களுக்கு யார் விட்டுக்கொடுப்பார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். சம்மதித்தார்கள். சிலர் சம்மதித்த பிறகும் அவளோடு பேசவில்லை.

ஹாஜியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாரம் விட்டு வாரம் என்றால் ஒருவருக்கும் போதாதே என்றார்.

"போதாதுதான். ஆனா ஒண்ணுமே இல்லாம பன்விலைக்குப் போயிட்டா, வெல கூடுனதும் எங்கள மறுபடி கூப்பிட மாட்டீங்க பொஸ். கேட்டுக்கு வெளிய இன்னும் மலிவா ஆள் நிக்கும்."

அவர் தாளின் கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்றே எழுதி அனுப்பினேன். மாலை ஆறு மணிக்குச் செய்தி ஆசிரியர் அழைத்தார். உற்சாகமாக இருந்தார். இது நல்ல செய்தி என்றார், தலைப்பையும் வாசித்துக் காட்டினார்: 'கலகெதரத் தொழிற்சாலையில் புதிய முயற்சி: பெண் ஊழியருக்கு வாரம் விட்டு வாரம் ஓய்வு'.

ஓய்வு என்றால் சம்பளம் உண்டு, இவர்களுக்கு இல்லை என்றேன். பக்கம் அச்சுக்குப் போகப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றார். பத்து நிமிடம் ஒரு சொல்லை மாற்றப் போதும் என்றேன்.

"அண்ணன், இப்பதான் நாடு கொஞ்சம் மூச்சு விடுது. எல்லாத்தையும் சோகமாப் போடவேணுமோ?"

"சோகமாப் போடச் சொல்லல்ல. சம்பளம் பாதி எண்டு போடுங்க. இல்லாட்டி செய்திய எடுத்துடுங்க."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பின்னால் யாரோ பக்கத்தைக் கேட்டுக் கத்துவது கேட்டது. இந்த இடத்தில் என்னைத் துணிச்சல்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அப்படிப்பட்டவனுக்குத் துணிச்சல் மலிவாகக் கிடைக்கும். உங்களுக்கு விலை கூட. அதனால் எந்தச் சொல்லுக்காகச் செலவழிப்பது என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டுரைகளுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள்; அவற்றை யாரும் படிப்பதில்லை. படக்குறிப்புக்கும் தலைப்புக்கும் பிடியுங்கள். வங்கிக் கோப்புக்குப் போவது அவைதான்.

காலையில் பத்திரிகையைத் திறந்தபோது தலைப்பு இப்படி இருந்தது: 'வாரம் விட்டு வாரம் வேலை: நாற்பது பெண்களுக்கு அரைச் சம்பளம்'.

இரண்டு நாள் கழித்து மல்லிகா தொலைபேசியில் அழைத்தாள். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். இல்லை, தகவல் சொல்ல. போடிங் வீட்டுக்காரம்மா வாடகையைக் குறைக்க மறுத்திருந்தாராம். வேலை பாதியாகிவிட்டது என்று இவர்கள் வாயால் சொன்னதை அவர் நம்பவில்லை. உங்கள் பொஸ் பாற்சோறு ஊட்டுகிற படத்தை நானும் பார்த்தேன், என்னிடமா கதை விடுகிறீர்கள் என்றிருக்கிறார். மல்லிகா புதுப் பத்திரிகையைக் கொண்டுபோய்த் தலைப்பைக் காட்டியிருக்கிறாள்.

"அரைச் சம்பளம்ங்கிறதுக்குக் கீழ பேனையால கோடு போட்டுக் காட்டினேன் சேர். ரெண்டு தடவ வாசிச்சாங்க. அப்புறம் சரின்னுட்டாங்க. இனி ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு. இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் ஒருத்தி. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கட்டில் வாடகதான்."

பதினெட்டுப் பேருக்கு ஒன்பது கட்டில். அந்தத் தலைப்பில் 'ஓய்வு' என்று வந்திருந்தால், பதினெட்டுக் கட்டிலுக்கும் வாடகை கட்டியிருப்பார்கள்.